எல்லாருக்காகவும் ஜெபிப்பதும் எல்லாம் சீர்ப்படும் என்று நம்புவதும்

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் எல்லா மனுஷருக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறது. சாலொமோன் மண்டபத்தில் பேதுரு செய்த பிரசங்கமோ (அப்போஸ்தலர் 3:21), தீர்க்கதரிசிகள் உரைத்தவையெல்லாம் நிறைவேறி, குலைந்துபோனவை சீர்ப்படும் காலம் ஒன்று வருமென்று அறிவிக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால் முடிவில் எல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள் என்றாகுமா? ஆகாதென்றால், மனந்திரும்பவே மாட்டார் என்று தோன்றுகிறவருக்காகவும், சபையைத் துன்பப்படுத்துகிற அதிகாரிக்காகவும், இறந்துபோனவருக்காகவும் ஜெபிப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெபத்தின் எல்லை எதுவரை என்பதை வேதாகமம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது; எல்லா மனுஷரும் அதற்குள் அடங்குவர். இரட்சிப்பின் இறுதிக் கணக்கையோ அது நம் கையில் தரவில்லை. கணக்கு தெரிந்த பிறகுதான் ஜெபிப்பேன் என்று ஒருவர் காத்திருந்தால், கட்டளையாகக் கொடுக்கப்பட்டதை விட்டுவிட்டு, கொடுக்கப்படாததைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்றே கொள்ளவேண்டும். சீர்ப்படுதலைப் பற்றிய நம்பிக்கை வேதத்தில் எங்கெல்லாம் வலுவாக வருகிறதோ, அங்கெல்லாம் அதனருகில் பிறருக்கான வேண்டுதல் ஒன்று நிற்பதைக் காணலாம். இதைச் சரிபார்க்க எரேமியாவைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

எரேமியா 29ஆம் அதிகாரத்தின் பதினோராம் வசனத்தை அறியாத தமிழ்க் கிறிஸ்தவர் அரிது. புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வரும் வசனம் அது: கர்த்தர் தம் ஜனத்தைக் குறித்து வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்பது. அட்டையில் இடம் குறைவு என்பதால், அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும், அதே கடிதத்தில் நான்கு வசனங்களுக்கு முன்னால் ஒரு கசப்பான கட்டளை இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. "நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதின் சமாதானத்தில் உங்களுக்கும் சமாதானம் இருக்கும்" என்பதே அந்தக் கட்டளை.

இந்தக் கடிதம் யாருக்குப் போனது என்று பாருங்கள். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, இளம் ராஜாவாகிய எகொனியாவையும், அவனுடைய தாயையும், பிரதானிகளையும், தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தைச் சாப்பானின் குமாரனாகிய எலெயாசாரும், இல்க்கியாவின் குமாரனாகிய கெமரியாவும் கொண்டுசென்றார்கள். இவர்கள் இருவரும் எருசலேமில் மீந்திருந்த சிதேக்கியா ராஜா நேபுகாத்நேச்சாரிடம் அனுப்பிய தூதர்கள். ஆகவே அரசாங்கத் தூதர் கையிலேயே தீர்க்கதரிசியின் கடிதமும் பயணமானது.

வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்துக்காக ஜெபியுங்கள், எழுபது வருஷம் நிறைவேறின பின்பு நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பது அதன் செய்தி. அக்காலத்தில் இதற்குப் போட்டியாக வேறொரு செய்தியும் இருந்தது. அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று தேவாலயத்தில் ஜனங்களுக்கு முன்பாக அறிவித்திருந்தான். இரண்டு வருஷத்தில் ஊர் திரும்பப்போகிறவனுக்கு பாபிலோனின் நலனைப் பற்றி என்ன கவலை? அனனியாவின் நம்பிக்கை எதிரிக்காக ஜெபிக்கத் தேவையில்லாத நம்பிக்கை. எரேமியாவின் நம்பிக்கையில் எதிரியின் பட்டணமும் இருக்கிறது. அதனால்தான் பாபிலோனிலிருந்த செமாயா என்பவன், "சிறையிருப்பு நெடுங்காலம் இருக்கும் என்று எழுதுகிற இந்த மனுஷனை ஏன் கண்டிக்கவில்லை" என்று எருசலேமின் ஆசாரியனுக்குப் புகார்க் கடிதமே அனுப்பினான்.

அந்த ஜனங்கள் உண்மையில் அங்கே வேரூன்றித்தான் வாழ்ந்தார்கள். பாபிலோன் அரண்மனை இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகைகளில், யூதாவின் ராஜாவுக்கும் அவனுடைய ஐந்து குமாரருக்கும் அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு இருக்கிறது. யூதர் குடியேறியிருந்த "யாஹூது" என்ற ஊரின் ஆவணங்களும் கிடைத்துள்ளன. அவற்றில் மிகப் பழையது கி.மு. 572ஐச் சேர்ந்தது. நிலக் குத்தகை, வரி, கடன் என்று அன்றாட வாழ்வின் விவரங்கள் அவற்றில் நிறைந்திருக்கின்றன. பாபிலோனின் வாய்க்கால்களில் தண்ணீர் ஓடினால்தான் யூதனின் வயலும் விளையும் என்ற நிலையில், "அதின் சமாதானத்தில் உங்களுக்கும் சமாதானம்" என்ற வசனத்தை அவர்கள் அன்றாடம் கண்ணால் கண்டிருப்பார்கள்.

ஆனாலும் எரேமியாவை எல்லாருக்கும் இனிப்பாகப் பேசியவராக ஆக்கிவிட முடியாது. அவருடைய புத்தகத்தின் பிற்பகுதியில் புறஜாதிகளுக்கு எதிரான தீர்க்கதரிசனங்கள் உள்ளன. அவற்றில் மோவாபுக்கும், அம்மோனுக்கும், ஏலாமுக்கும் கடுந்தண்டனை அறிவித்த பிறகு, அவர்களுடைய சிறையிருப்பைத் திருப்புவேன் என்ற வாக்கும் தரப்படுகிறது (48:47, 49:6, 49:39). இஸ்ரவேலுக்கு மட்டுமே உரியது என்று நாம் எண்ணுகிற வாக்கு அதன் பகைவருக்கும் தரப்படுவது, வேகமாக வாசிக்கிறவர் கண்ணில் படுவதில்லை. எசேக்கியேல் இன்னும் ஒரு படி மேலே போய், சோதோமும் தன் முந்தின சீருக்குத் திரும்பும் என்கிறார் (16:55). ஏசாயா 19இலோ எகிப்திலிருந்து அசீரியாவுக்கு ஒரு பெருவழி உண்டாகி, இஸ்ரவேலை நசுக்கிய அந்த இரு வல்லரசுகளோடு இஸ்ரவேல் மூன்றாவதாகச் சேர, மூன்றும் ஆசீர்வதிக்கப்படுகின்றன. எகிப்தியரை "என் ஜனம்" என்றே கர்த்தர் அழைக்கிறார். சீர்ப்படுதல் என்பதைத் தீர்க்கதரிசிகள் ஒரு ஜாதியின் சொத்தாக ஒருபோதும் வைக்கவில்லை என்பதற்கு இவ்வளவு போதும்.

பாபிலோனின் நிலை வேறு. எரேமியா 50, 51ஆம் அதிகாரங்களில் அதற்குத் திரும்பக் கட்டப்படும் வாக்கு எதுவும் இல்லை. சிதேக்கியாவின் நாலாம் வருஷத்தில் பாபிலோனுக்குப் போன செராயாவிடம் எரேமியா ஒரு புத்தகச்சுருளைக் கொடுத்து, அங்கே அதைச் சத்தமாக வாசித்து, வாசித்து முடித்ததும் அதிலே ஒரு கல்லைக் கட்டி ஐப்பிராத்து நதியின் நடுவில் எறிந்துவிட்டு, "பாபிலோன் இப்படியே முழுகிப்போகும்" என்று சொல்லச் சொல்கிறார். ஒரே தீர்க்கதரிசியின் கையிலிருந்து ஒரே பட்டணத்துக்கு இரண்டு எழுத்துகள் போயிருக்கின்றன. ஒன்று, அதற்காக ஜெபியுங்கள் என்கிறது. மற்றது, அது அழியும் என்கிறது. இது முரண்பாடு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இதுதான் உங்கள் கேள்விக்கான திறவுகோலாகத் தெரிகிறது. பாபிலோனுக்கு நியாயத்தீர்ப்பு நிச்சயம் என்று தெரிந்திருந்தும் அதன் நலனுக்காக ஜெபிக்கச் சொல்லப்பட்டது என்றால், யாருக்கு என்ன முடிவு என்பதே தெரியாத நாம், "இவருக்காக ஜெபித்துப் பயனில்லை" என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

மறுபக்கமும் உண்டு, அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. "இந்த ஜனத்துக்காக விண்ணப்பம்பண்ணவேண்டாம்" என்று மூன்று இடங்களில் எரேமியாவுக்குத் தடை விதிக்கப்படுகிறது (7:16, 11:14, 14:11). தடுக்கப்பட்டது அவருடைய சொந்த ஜனத்துக்கான ஜெபம் என்பதைக் கவனியுங்கள். உறவுக்காரருக்கு ஜெபம், அந்நியனுக்குத் தீர்ப்பு என்று நாம் போடும் வரிசை இங்கே தலைகீழாகிறது. மேலும் அந்தத் தடையைக் கர்த்தர்தாமே ஒரு குறிப்பிட்ட மனிதனுக்கு, குறிப்பிட்ட வேளையில் கொடுத்தார். அதைப் பொதுவிதியாக்கி, "அவனுக்காக இனி ஜெபிக்கத் தேவையில்லை" என்று நம் பிரியப்படி பட்டியல் போட யாருக்கும் அனுமதியில்லை. சாமுவேலை ஜனங்கள் ஒதுக்கி ராஜாவைக் கேட்டபோதும், "நான் உங்களுக்காக விண்ணப்பம்பண்ணாதிருப்பேனாகில் கர்த்தருக்கு விரோதமாகப் பாவஞ்செய்கிறவனாயிருப்பேன்" என்று அவர் சொன்னதே நமக்குப் பொதுவிதி.

சிறையிருப்பில் தொடங்கிய இந்தப் பழக்கம் எருசலேமுக்குத் திரும்பிய பின்பும் நிற்கவில்லை. பாரசீக ராஜாவாகிய கோரேஸ் கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்தான். 1879இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவனுடைய களிமண் உருளை ஒரு சாண் நீளந்தான் இருக்கும். தங்கள் இடங்களுக்குத் திரும்ப அனுப்பப்பட்ட தெய்வங்களெல்லாம் தனக்கு நீண்ட ஆயுளை வேண்டும்படி அதிலே அவன் கேட்கிறான். அவனுக்குப் பின்வந்த தரியு ராஜாவும், எஸ்றா 6:10இன்படி, ராஜாவுக்காகவும் அவன் குமாரருக்காகவும் மன்றாடும்படிக்கு எருசலேம் ஆலயத்தின் பலிகளுக்கான செலவைக் கொடுக்கிறான். ராஜாக்கள் இதைக் கேட்டது தங்கள் ஆதாயத்துக்காகத்தான். எரேமியாவின் கடிதத்தை வாசித்து வளர்ந்த ஜனத்துக்கோ அதைச் செய்ய வேறொரு காரணமும் இருந்தது.

ரோமர் காலத்தில் இராயனாகிய ரோமப் பேரரசனுக்காகவும் ரோம ஜனத்துக்காகவும் நாள்தோறும் இரண்டு வேளை ஆலயத்தில் பலி செலுத்தப்பட்டதாக யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். கி.பி. 66இல் ஆலயக் காவல் தலைவனான எலெயாசார், அந்நியரிடமிருந்து காணிக்கையோ பலியோ ஏற்கக்கூடாது என்று ஆசாரியரை இணங்கவைத்து, இராயனுக்கான பலியை நிறுத்தினான். மூத்தவர்கள் கெஞ்சியும் கேட்கவில்லை. ரோமருக்கு எதிரான போருக்கு அதுவே அடித்தளமாயிற்று என்பது யோசேபஸின் கணிப்பு. நான்கு வருஷத்துக்குள் ஆலயமே இல்லாமல் போயிற்று. ரோம ஆளுநர்களின் பேராசையும் கொடுமையும் அந்தப் போருக்குக் காரணம் என்பதை மறுக்க முடியாது. அதே சமயம், எதிரிக்காகச் செலுத்தும் வேண்டுதலை நிறுத்துவது வெறும் சடங்கு மாற்றம் அல்ல, போர்ப்பிரகடனம் என்று இருதரப்பாரும் புரிந்துகொண்டார்கள் என்பது நமக்கு முக்கியம்.

இந்தப் பின்னணியில் 1 தீமோத்தேயு 2ஐ மறுபடியும் வாசித்தால் அதன் கனம் விளங்கும். "எல்லா மனுஷருக்காகவும்" என்று தொடங்கிய உடனே, பொதுவாகச் சொல்லி நழுவவிடாமல், "ராஜாக்களுக்காகவும், அதிகாரமுள்ள யாவருக்காகவும்" என்று மிகக் கடினமான ஆளிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. மரபுப்படி பவுலே இதை எழுதினார் என்று கொண்டால், அப்போது சிங்காசனத்தில் இருந்தவன் கி.பி. 54 முதல் 68 வரை ஆண்ட நீரோ. அப்படி ஜெபிக்கக் காரணமாக நான்கு செய்திகள் சொல்லப்படுகின்றன: எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவேண்டுமென்பது தேவனுடைய சித்தம், தேவன் ஒருவரே, மத்தியஸ்தரும் ஒருவரே, அவர் எல்லாரையும் மீட்கும்பொருளாகத் தம்மை ஒப்புக்கொடுத்தார். நம் நல்லெண்ணமோ, அந்த மனிதரின் தகுதியோ காரணமாகக் காட்டப்படவில்லை. ஒரே தேவன் என்று அறிக்கையிடுகிறவன், அந்த ஒரே தேவனுக்கு வெளியே எந்த மனிதனையும் வைக்க முடியாது என்பதே வாதம்.

இங்கே "எல்லாரும்" என்பது ஒவ்வொருவரையும் குறிக்கிறதா, எல்லா வகுப்பாரையும் குறிக்கிறதா என்ற பழைய விவாதம் ஒன்று உண்டு. பழைய சபைப் பிதாவாகிய அகஸ்தீனும், பிற்காலத்தில் சீர்திருத்தவாதி கால்வினும், ராஜா முதல் ஏழை வரை எல்லா வகுப்பிலுமிருந்து என்று பொருள் கொண்டார்கள். வெஸ்லியின் வழியில் வந்தவர்கள் ஒவ்வொரு மனிதனும் என்கிறார்கள். இரட்சிப்பின் கோட்பாட்டுக்கு இந்த வேறுபாடு பெரியதுதான். ஜெபத்துக்கு இது எதையும் மாற்றுவதில்லை. எல்லா வகுப்பாருக்காகவும் ஜெபிக்கவேண்டும் என்று ஒப்புக்கொண்டவர், எந்த வகுப்பில் எந்த ஆளை விட்டுவிடுவார்?

ஆதிச் சபை இதை எப்படிக் கைக்கொண்டது என்பதற்குச் சான்று இருக்கிறது. முதலாம் நூற்றாண்டின் முடிவில் ரோமாபுரிச் சபை கொரிந்து சபைக்கு எழுதிய, கிளெமெந்தின் பேரால் வழங்கும் கடிதம் ஒரு நீண்ட ஜெபத்தோடு முடிவை நெருங்குகிறது. உபத்திரவப்படுகிறவர்களை இரட்சியும், விழுந்தவர்களைத் தூக்கிவிடும், வழிதப்பினவர்களைத் திருப்பும், பசித்தவர்களைப் போஷியும், எங்கள் சிறைப்பட்டவர்களை விடுவியும் என்று அடுக்கிக்கொண்டே போய், அந்தச் சிறைகளை வைத்திருக்கும் ஆட்சியாளருக்குச் சுகமும் சமாதானமும் உறுதியும் தாரும் என்று கேட்கிறது. இரண்டு வேண்டுதல்களும் ஒரே மூச்சில் வருகின்றன. அதற்கு நூறு வருஷத்துக்குப் பிறகு கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதிய விளக்கத்தில், இராயனுக்கு நீண்ட ஆயுள், பத்திரமான வீடு, வீரமுள்ள சேனை, உண்மையுள்ள ஆலோசனைச் சபை ஆகியவற்றைக் கிறிஸ்தவர்கள் கேட்கிறார்கள் என்று சொல்வதோடு, முடிவு தாமதிக்கவேண்டுமென்றும் ஜெபிக்கிறார்கள் என்கிறார். கர்த்தர் சீக்கிரம் வரவேண்டும் என்று ஜெபிக்கும் நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்பவேண்டுமென்று கர்த்தர் பொறுமையாயிருக்கிறார் என்ற 2 பேதுரு 3:9ஐ அருகில் வைத்துப் பார்த்தால், பிறருக்காக அவகாசம் கேட்பதும் நம்பிக்கையின் ஒரு வடிவமாகத் தெரிகிறது.

இனி, எல்லாரும் இரட்சிக்கப்படுவார்களா என்ற நேர்க்கேள்விக்கு வருவோம். ஆம் என்று சொன்னவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். மூன்றாம் நூற்றாண்டின் ஓரிகன், "தேவனே சகலத்திலும் சகலமுமாயிருப்பதற்கு" என்ற 1 கொரிந்தியர் 15:28ஐப் பற்றிக்கொண்டு, எல்லாச் சிருஷ்டியும் கடைசியில் தேவனிடம் திரும்பும் என்ற எதிர்பார்ப்பை வளர்த்தார். நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரியும் அவ்வழியில் நின்றார். ஓரிகனின் போதனைகள் ஆறாம் நூற்றாண்டில், ஜஸ்டினியன் பேரரசன் காலத்தில் கண்டனத்துக்குள்ளாயின. கிரகோரியோ சபைப் பிதாக்களில் ஒருவராகவே இன்றுவரை போற்றப்படுகிறார். கொலோசெயர் 1:20, ரோமர் 11:32 போன்ற வசனங்கள் இவர்கள் பக்கம் வலுவாக நிற்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

மறுபக்கம் மத்தேயு 25:46 நித்திய ஆக்கினையையும் நித்திய ஜீவனையும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிராக வைக்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 20 அக்கினிக்கடலைக் காட்டுகிறது. இவற்றை எளிதில் கரைத்துவிடும் விளக்கங்களை நான் நம்புவதில்லை. பேதுருவின் அதே பிரசங்கத்தில், சீர்ப்படும் காலத்தைச் சொன்னதற்கு இரண்டு வசனங்களுக்குப் பிறகே, அந்தத் தீர்க்கதரிசியின் சொற்கேளாதவன் ஜனத்தில் இராதபடிக்கு நிர்மூலமாக்கப்படுவான் என்று மோசேயின் எச்சரிக்கை மேற்கோள் காட்டப்படுகிறது. நம்பிக்கையையும் எச்சரிக்கையையும் பேதுரு பிரிக்கவில்லை. அதே சமயம் வெளிப்படுத்தின விசேஷம் 20ஐத் தாண்டி வாசித்தால், புதிய எருசலேமின் வாசல்கள் அடைக்கப்படுவதில்லை. பூமியின் ராஜாக்கள் தங்கள் மகிமையை அதற்குள்ளே கொண்டுவருகிறார்கள். ஜீவவிருட்சத்தின் இலைகள் ஜனங்களின் ஆரோக்கியத்துக்கு ஏதுவாக இருக்கின்றன. அந்தப் புத்தகம் முழுவதும் மிருகத்தோடு சேர்ந்து கெட்டுப்போனவர்களாக வந்தவர்கள் இந்த ராஜாக்கள்.

இரு வகை வசனங்களையும் அப்படியே நிறுத்திவைத்து வாழ்வது எப்படி என்பதற்கு, எதிர்பாராத இடத்திலிருந்து உதவி கிடைக்கிறது. எல்லாரும் இரட்சிக்கப்படுவர் என்ற கருத்தை "தேவநகரம்" நூலின் 21ஆம் புத்தகத்தில் கடுமையாக மறுக்கிறவர் அகஸ்தீன். அங்கேயே அவர் சொல்கிறார்: பிசாசோடு நித்திய அக்கினிக்குப் போக முன்குறிக்கப்பட்டவர்கள் இன்னார் என்று சபைக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால், பிசாசுக்காக ஜெபிக்காததுபோலவே அவர்களுக்காகவும் ஜெபிக்காது, யாரைப் பற்றியும் அது தெரியாததால், சரீரத்தில் உயிரோடிருக்கும் சத்துருக்கள் எல்லாருக்காகவும் ஜெபிக்கிறது. நரகத்தை நம்பும் கண்டிப்பான இறையியலிலும் உயிரோடிருக்கும் ஒருவருக்குக்கூட ஜெபத்தில் கதவடைக்க இடமில்லை. இருபதாம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் கத்தோலிக்க இறையியலாளர் பால்தசார், எல்லாருக்காகவும் நம்பிக்கை கொள்வது வேறு, எல்லாரும் இரட்சிக்கப்படுவர் என்று அறிந்ததாகச் சொல்வது வேறு என்று பிரித்துக் காட்டினார். அகஸ்தீனை அவர் பல இடங்களில் ஏற்கவில்லை. ஆனால் எல்லாருக்காகவும் ஜெபிக்கவேண்டும் என்ற இடத்தில் இருவரும் சேர்ந்தே நிற்கிறார்கள். என் நிலைப்பாடும் இதுவே: உறுதியாகச் சொல்ல எனக்கு அனுமதி இல்லாததைக் கேட்பதற்கு எனக்குக் கட்டளை இருக்கிறது.

அந்தக் கேட்டல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஏழாம் நூற்றாண்டின் சீரியத் துறவி ஈசாக்கு ஓர் எல்லையைக் காட்டுகிறார். இன்றைய கத்தார் பகுதியில் பிறந்து, சிலகாலம் நினிவேயின் பேராயராக இருந்து, பிறகு அதைத் துறந்து தனிமைக்குப் போனவர் அவர். இரக்கமுள்ள இருதயம் எது என்ற கேள்விக்கு, மனிதருக்காகவும் பறவைகளுக்காகவும் மிருகங்களுக்காகவும் பேய்களுக்காகவும்கூட எரிகிற இருதயம் என்றும், அப்படிப்பட்டவர் சத்தியத்தின் சத்துருக்களுக்காகவும், ஊர்வனவற்றுக்காகவும் கண்ணீரோடு ஜெபிப்பார் என்றும் பதில் சொல்கிறார். பேய்களுக்காக ஜெபிப்பதை வேதம் எங்கும் கட்டளையிடவில்லை. அதில் நான் அவரைப் பின்பற்றமாட்டேன். ஆனால் மிருகங்களைச் சேர்த்துக்கொண்டது வேதத்தின் வழிதான். சர்வசிருஷ்டியும் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்று ரோமர் 8 சொல்கிறது. அவர் பேராயராக இருந்த அதே நினிவேயைக் குறித்துத்தான், இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு அதிகமான மனுஷரோடு அநேக மிருகஜீவன்களும் இருக்கிற பட்டணத்துக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ என்று கர்த்தர் யோனாவிடம் கேட்டார். கேரளத்தின் சீரியச் சபைகள் இன்றும் பெரிய நோன்புக்கு முன்னதாக மூன்று நாள் நினிவே நோன்பை ஆசரிக்கின்றன. இஸ்ரவேலின் பகைவர் ஊர் மனந்திரும்பியதைப் பல நூற்றாண்டுகளாக நினைவுகூர்ந்துவருகிறார்கள் என்பது சாதாரணமானதல்ல.

இறந்தவர்களைப் பற்றிய உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். இதில் சபைகள் பிரிந்தே நிற்கின்றன. கத்தோலிக்கரும் கிழக்கத்திய சபைகளும் இரண்டாம் மக்கபேயர் 12ஐயும் தொன்மையான வழக்கத்தையும் ஆதாரமாகக் கொண்டு இறந்தோருக்காக ஜெபிக்கிறார்கள். நவம்பர் 2ஆம் தேதி நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் எரியும் மெழுகுவர்த்திகள் அதன் வெளிப்பாடு. சீர்திருத்தச் சபைகளில் 1646இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, உயிரோடிருக்கிறவர்களுக்காகவும் இனிப் பிறக்கப்போகிறவர்களுக்காகவும் ஜெபிக்கலாம், இறந்தவர்களுக்காகக் கூடாது என்று வெளிப்படையாகத் தடுக்கிறது. ஒநேசிப்போரு "அந்நாளிலே" இரக்கம் பெறவேண்டும் என்ற பவுலின் வேண்டுதலை (2 தீமோத்தேயு 1:18) சிலர் இறந்தவருக்கான ஜெபமாகக் கொள்கிறார்கள். அவர் இறந்திருந்தார் என்பதற்கு அந்த இடத்தில் தெளிவான சான்று இல்லை. உங்கள் சபையின் ஒழுங்குக்குள் நில்லுங்கள் என்பதே என் ஆலோசனை. எந்தச் சபையிலிருந்தாலும், இறந்தவரைத் தேவனுடைய இரக்கத்துக்கு ஒப்புக்கொடுப்பதை யாரும் குற்றமாகக் கொள்வதில்லை.

திரும்பவே மாட்டார் என்று தோன்றுகிறவரைப் பற்றி யோபின் கடைசி அதிகாரத்தைக் காட்ட விரும்புகிறேன். யோபு சீர்ப்பட்டது எப்போது என்று அங்கே துல்லியமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. "யோபு தன் சிநேகிதருக்காக வேண்டுதல் செய்தபோது, கர்த்தர் அவன் சிறையிருப்பை மாற்றினார்." அந்தச் சிநேகிதர்கள் ஆறுதல் சொல்ல வந்து, நீ பாவம் செய்ததால்தான் உனக்கு இந்தத் துன்பம் என்ற தொனியில் அதிகாரம் அதிகாரமாக வாதாடியவர்கள். ஆடுமாடுகள் இரட்டிப்பாகத் திரும்பி வருவதற்கு முன்னால், யோபின் உடல்நிலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாத இடத்தில், புண்களோடிருந்த அந்த மனிதன் தன்னைப் புண்படுத்தியவர்களுக்காக வேண்டினான். சீர்ப்படுதலும் பிறருக்கான வேண்டுதலும் ஒரே வசனத்துக்குள் இவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் வருவதில்லை.

சபையைத் துன்பப்படுத்தும் அதிகாரிக்காக என்ன கேட்பது என்று தயங்கவேண்டாம். அவருடைய திட்டங்கள் வெற்றிபெறவேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. கலகமில்லாமல் அமைதலுள்ள ஜீவனம் அமையவேண்டும், அவர் சத்தியத்தை அறியவேண்டும் என்பதே 1 தீமோத்தேயு 2 தரும் பொருள். அவர் செய்யும் அநியாயம் நிற்கவேண்டும் என்று கேட்பதும் அவருக்கு நன்மையான ஜெபமே. ஜெபிக்கிறோம் என்பதற்காக நீதிமன்றத்துக்குப் போகக்கூடாது, புகார் கொடுக்கக்கூடாது என்றும் இல்லை. பவுல் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லிக் கேள்வி கேட்டார், இராயனிடம் மேல்முறையீடும் செய்தார்.

கடைசியாக, காயப்பட்டவர்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒரு குடும்பத்தில் கொடுமை அனுபவித்தவரைப் பார்த்து, "நீ அவனுக்காக ஜெபித்தே ஆகவேண்டும்" என்று உடனடியாக வற்புறுத்தும் போதகர்களைக் கண்டிருக்கிறேன். இது வேதத்தை அடிக்கும் தடியாக ஆக்குவது. பாபிலோனின் குழந்தைகளைக் கன்மலையில் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்ற 137ஆம் சங்கீதத்தின் பயங்கரமான வரியும் அதே சிறையிருப்பின் ஜனத்தின் வாயிலிருந்து வந்ததுதான். அதை வேதாகமம் நீக்கிவிடவில்லை. அந்தக் கோபமும் தேவனுக்கு முன்பாகவே கொட்டப்படுகிறது. எல்லாருக்காகவும் ஜெபிக்கும் கட்டளை 1 தீமோத்தேயுவில் கூடிவந்த சபையின் ஆராதனை ஒழுங்காகவே தரப்பட்டிருக்கிறது. ஆகையால் ஒருவரால் இன்று சொல்ல முடியாத பெயரை, அவருக்குப் பதிலாக, அவரைக் கட்டாயப்படுத்தாமல், சபை தன் மன்றாட்டு வேளையில் சொல்லலாம். பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டில் ரோமன் கத்தோலிக்கச் சபை திருச்சபைக்காகத் தொடங்கி, யூத மக்களுக்காகவும், கிறிஸ்துவை நம்பாதவர்களுக்காகவும், கடவுளையே நம்பாதவர்களுக்காகவும், ஆட்சியாளருக்காகவும், துன்புறுவோருக்காகவும் வரிசையாக மன்றாடுவது இந்த ஒழுங்கின் நல்ல எடுத்துக்காட்டு. அந்த வரிசையில் யூதருக்கான மன்றாட்டில் பல நூற்றாண்டுகளாக அவர்களை இழிவுபடுத்தும் சொல் ஒன்று இருந்தது. அதை 1959இல் இருபத்துமூன்றாம் யோவான் பாப்பரசர் நீக்கினார். யாருக்காக ஜெபிக்கிறோம் என்பதைப் போலவே அவர்களை எப்படிக் குறிப்பிட்டு ஜெபிக்கிறோம் என்பதையும் சபைகள் அவ்வப்போது திருத்திக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. உங்கள் சபையின் மன்றாட்டுப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் நம் ஊழியங்களும் நம் நோயாளிகளும் நம் பிள்ளைகளின் தேர்வுகளும் மட்டும் இருந்தால், வேறு யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று மூப்பரோடு உட்கார்ந்து பேசுங்கள்.